காந்தம் இல்லை, சுருள் இல்லை, அதிரும் கூம்பும் இல்லை: சூட்டிலிருந்து சத்தம் போடும் கார்பன் படலம் ஸ்பீக்கர் ஆகுமா?

மின்மினி:
வணக்கம் நண்பர்களே. கார்பன் நானோகுழாய்ப் படலம் (கார்பனாலான மிக நுண்ணிய குழல்கள் சேர்ந்த தாள்) பாடுகிற ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து மண்டைக்குள் இதே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய ஒரு தாள், இரண்டு ஓரத்திலும் ஒயர். வேறு எதுவும் இல்லை. துணிக்கொடியில் ஒட்டி ஆட்டினாலும் பாடுகிறது. ஒரு மூலை கிழிந்த பிறகும் பாடுகிறது!

தேடிப் படித்தேன். 2008-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஃபான் ஷௌஷன், ஜியாங் கைலி குழுவினர் 'நானோ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டது. லேசர் வைத்துப் பார்த்தபோது படலம் அதிரவே இல்லையாம். மின்சாரம் ஏறி இறங்க, படலம் சூடாகி ஆறுகிறது. ஒட்டியிருக்கும் காற்று விரிந்து சுருங்குகிறது. அந்த விரிவும் சுருக்கமும்தான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது.

என் சந்தேகம் ஒன்றுதான். இவ்வளவு அழகான விஷயம் இத்தனை வருடமாக ஆய்வகத்திலேயே ஏன் கிடக்கிறது? காந்த ஸ்பீக்கர் செய்கிறவர்கள் அமுக்கிவிட்டார்களா?

ஒலிப்பெட்டி:
யாரும் அமுக்கலை தம்பி. சத்தம் பத்தலை, அவ்வளவுதான். அந்த வீடியோவில் மைக் எவ்வளவு கிட்டே இருந்தது, பாட்டில் பேஸ் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) இருந்ததா என்று மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விசில் மாதிரி, ஓட்டை ரேடியோ மாதிரி கேட்கும். ஸ்பீக்கர் பெட்டி கட்டுகிற வேலையில் இருப்பவன் நான். "காந்தத்துக்கு முடிவு வந்துவிட்டது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பேன்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் எத்தனை டெசிபெல்? சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர் 88 பக்கம் தரும். இது எவ்வளவு தரும்? யாருக்காவது தெரியுமா?

வெப்பன்:
கணக்குப் போட்டே சொல்லலாம். இதில் மர்மம் எதுவும் இல்லை.

படலத்துக்குத் தனக்கென்று வெப்ப ஏற்புத்திறனே இல்லை (தான் சூடாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை), போடுகிற சூடு முழுவதும் காற்றுக்குப் போகிறது என்று படலத்துக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். 1 வாட் வெப்பம் காற்றுக்குள் போனால் காற்று நொடிக்கு எவ்வளவு கன அளவு விரியும் என்பது பாடப்புத்தகக் கணக்கு: வெப்பத்தைக் காற்றின் அடர்த்தி, தன்வெப்பம், தனி வெப்பநிலை மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அந்தப் பெருக்கல் கனமீட்டருக்கு ஏறத்தாழ 3,56,000 ஜூல். ஆக 1 வாட்டுக்கு நொடிக்குச் சுமார் 3 கன சென்டிமீட்டர் விரிவு. கூம்பு காற்றைத் தள்ளுகிற வேலையை இந்த விரிவு செய்தாக வேண்டும்.

திறந்த வெளியில் ஒலி அழுத்தம் இந்த விரிவு வேகத்தைப் பொறுத்ததல்ல. அந்த வேகம் எவ்வளவு சடுதியில் மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் அதிர்வெண் கூடக்கூட அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். சூட்டின் ஏற்ற இறக்கம் 1 வாட் வீச்சு என்றால் 1 மீட்டர் தூரத்தில்:

1,000 ஹெர்ட்ஸில் சுமார் 35 டெசிபெல்.
10,000 ஹெர்ட்ஸில் 55.
100 ஹெர்ட்ஸில் 15.

15 டெசிபெல் அமைதியான அறையின் இரைச்சலுக்கும் கீழே. உங்கள் பேஸ் அங்கேதான் போயிற்று. படலத்தின் அளவு ஒலியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். பின்பக்கம் சுவர் வைத்து முன்பக்கம் மட்டும் திருப்பிவிட்டால் 6 டெசிபெல் கூடும். அதற்கு மேல் பேராசைப்பட வழியில்லை.

ஒலிப்பெட்டி:
அப்படிப் போடுங்க! 88 எங்கே, 35 எங்கே.

வெப்பன்:
முடிக்கவில்லை. இன்னும் மோசமானது ஒன்றும், கொஞ்சம் நல்லது ஒன்றும் பாக்கி இருக்கிறது.

மோசமானது: அந்த 1 வாட்டில் 1,000 ஹெர்ட்ஸில் ஒலியாக மாறுவது ஏறத்தாழ இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. கூம்பு ஸ்பீக்கரில் நூற்றில் ஒரு பங்கு மாறும். போதாக்குறைக்கு, சூட்டை எதிர்மறையாகக் கொடுக்க முடியாது. மின்சாரத்தால் சூடாக்கத்தான் முடியும், குளிர்விக்கிற வேலை காற்றுடையது. ஆகவே 1 வாட் வீச்சுக்கு ஏறி இறங்க வேண்டுமானால் சராசரியாகக் குறைந்தது 1 வாட் எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பாட்டில் மௌனம் வந்தாலும் படலம் சுடும்.

நல்லது: அழுத்தம் சூட்டுக்கு நேர்விகிதம், ஒலித்திறன் அழுத்தத்தின் வர்க்கம். ஆகவே பத்து மடங்கு வாட் கொடுத்தால் 20 டெசிபெல் கூடும். சாதாரண ஸ்பீக்கரில் 10தான் கூடும். 100 வாட் கொடுத்தால் இது 75-ஐத் தொடும், கூம்பு 108-இல் நிற்கும். இடைவெளி குறைகிறது, ஆனால் அதை எட்டிப் பிடிப்பதற்குள் படலம் எரிந்துவிடும்.

மின்மினி:
சார், எனக்குப் புரியாத இடம் இது. கார்பன் சிறந்த பொருள் என்கிறார்கள், நீங்களும் "சூடு முழுவதும் காற்றுக்குப் போகிறது" என்றுதான் கணக்குப் போடுகிறீர்கள். அப்புறமும் 35 என்றால் இன்னும் நல்ல பொருள் கண்டுபிடித்தால் ஏறாதா?

வெப்பன்:
ஏறாது. இந்த விவாத இழையில் நான் சொல்ல வந்ததே அதுதான். பொருள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது காற்றின் எல்லை.

வரலாற்றிலிருந்து பார்த்தால் தெளிவாகும். இந்தக் கருவிக்குத் தெர்மோஃபோன் என்று பெயர். 1917-இல் அமெரிக்காவில் ஆர்னால்டு, கிராண்டல் இருவரும் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் இதன் கோட்பாட்டை முழுதாக எழுதிவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது 700 நானோமீட்டர் தடிமன் பிளாட்டினத் தகடு. அதன் ஒரு சதுர மீட்டரை ஒரு கெல்வின் சூடேற்ற 2 ஜூல் வேண்டும். சிங்ஹுவாவின் நானோகுழாய்ப் படலத்துக்கு 0.0077 ஜூல் போதும், அதாவது 260 பங்கில் ஒரு பங்கு.

1 கிலோஹெர்ட்ஸில் இதன் பொருள் என்ன? பிளாட்டினம் தான் சூடாவதற்கு எடுத்துக்கொள்வது, இரு பக்கக் காற்றுக்கும் கொடுப்பதைப்போல் சுமார் 14 மடங்கு. வந்த சூட்டைத் தானே விழுங்கிவிடுகிறது. நானோகுழாய்ப் படலம் எடுத்துக்கொள்வது, காற்றுக்குக் கொடுப்பதில் இருபதில் ஒரு பங்கு. அந்த இருபதில் ஒரு பங்கையும் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? அரை டெசிபெல்கூட ஏறாது.

தவளைக்கல்:
அப்ப கிராஃபீன்? ஒரே ஒரு அணு தடிமன் கார்பன் தாள். அதுக்கு மேல மெலிய முடியாதே.

வெப்பன்:
ஒற்றை அடுக்கு கிராஃபீனுக்கு அதே கணக்கு 0.0005 ஜூல் அளவில் வரும். நானோகுழாய்ப் படலத்தைவிடப் பதினைந்து மடங்கு லேசு. ஆனால் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்களில் அந்தப் பதினைந்து மடங்கும் வீண், மேலே சொன்ன அதே காரணம்தான். மீயொலிக்கு, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணுக்குப் போனால் கதை மாறும். 100 கிலோஹெர்ட்ஸில் நானோகுழாய்ப் படலம் எடுத்துக்கொள்வது காற்றுக்குக் கொடுப்பதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. கிராஃபீன் அங்கேயும் நாலு சதவீதத்தில் நிற்கும். கிராஃபீனுக்கு உண்மையான வேலை அங்கேதான். "உலகின் மிக மெல்லிய ஸ்பீக்கர்" என்று தலைப்பிட்டு அதில் பாட்டுப் போட்டுக் காட்டுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கரித்துகள்:
வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. முனைவர் பட்ட ஆய்வில் இதே படலத்தைத்தான் கையாள்கிறேன். வெப்பன் சார் கணக்கு சரி. ஆனால் "சூடு முழுவதும் காற்றுக்குப் போகிறது" என்று ஒரு வரியில் தாண்டிய இடத்தில்தான் என் பாதி நாள் கழிகிறது.

முதலில் படலம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சிலிக்கான் தட்டின் மேல் நானோகுழாய்கள் அடர்ந்து நெட்டுக்குத்தாக நிற்கும். நாங்கள் அதைக் காடு என்போம். கறுப்பு வெல்வெட் மாதிரி இருக்கும். பிளேடின் விளிம்பால் காட்டின் ஓரத்தைத் தொட்டு மெதுவாக இழுத்தால், பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூல் உருவுவதுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படலமாக வரும். கண்ணுக்குச் சாம்பல் நிழல், விரலுக்கு எதுவுமே தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். கையுறையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், திரும்ப எடுக்க முடியாது. முகக்கவசம், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு இல்லாமல் தொடவே கூடாது. நீளமான, விறைப்பான நானோகுழாய்கள் நுரையீரலுக்குள் போவது விளையாட்டில்லை.

சரி, படலத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டின் மேல் படுக்க வைத்து, இரு ஓரமும் வெள்ளிப் பசை வைத்து மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றுமே கேட்காது. அதே படலத்தை இரண்டு தாமிரப் பட்டைகளுக்கு நடுவே அந்தரத்தில் கட்டினால் பாடும். வித்தியாசம் முழுக்க முழுக்க அடியில் இருக்கும் கண்ணாடிதான். சூடு காற்றுக்குப் போகாமல் கண்ணாடிக்குள் இறங்கிவிடுகிறது.

வெப்பன்:
அருமை. அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்குள் சூடு காற்றில் பரவும் தூரம் ஏறத்தாழ 84 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. 100 ஹெர்ட்ஸில் 265 மைக்ரோமீட்டர். படலத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே அதைப்போல் சில மடங்காவது இடைவெளி வேண்டும்.

கரித்துகள்:
ஆமாம் சார். 2013-இல் சிங்ஹுவாவிலிருந்தே வந்த சிலிக்கான் சில்லு அதே யோசனைதான். சிலிக்கானில் பள்ளம் வெட்டி, அதன் மேல் நானோகுழாய் நூல்களைக் குறுக்கே தொங்கவிட்டார்கள். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தால் அடித்தரை தொந்தரவு செய்யாது என்பதைச் சூடு காற்றில் அலையாகப் பரவும் நீளத்தை வைத்தே சொன்னார்கள். மின்வாய்களைச் சீப்புப் பல் மாதிரிக் கோத்து வைத்ததால் வோல்ட்டும் குறைந்தது.

என் படலங்களில் பாதி எரிந்து போவது வேறு காரணத்தால். ஒட்டிய இடத்தில் பசை ஒரு புள்ளியில் சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கே மட்டும் செந்நிறமாகக் கனன்று, ஒரு கோடு போல ஓடிப் படலம் இரண்டாகிவிடும். காற்றில் 400, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து போய்விடும். மந்த வாயுவான ஆர்கான் நிரப்பிய உறையில் வைத்தால் இன்னும் மேலே போகலாம்.

மின்மினி:
ஒரு அடிப்படைக் கேள்வி கேட்கலாமா அண்ணா? ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒயரை அப்படியே படலத்தில் மாட்டினால் பாட்டு வருமா?

கரித்துகள்:
வரும், ஆனால் பாட்டாக வராது. நான் 1,000 ஹெர்ட்ஸ் கொடுத்தேன், மைக் 2,000 காட்டியது. சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கம். நேர்ப்பக்கம் ஓடினாலும் சூடு, எதிர்ப்பக்கம் ஓடினாலும் சூடு. ஒரு சுழற்சிக்கு இரண்டு தடவை சூடாகிறது, சுருதி ஒரு ஸ்தாயி மேலே போய்விடுகிறது.

ஒலிப்பெட்டி:
ஒற்றை ஸ்வரம் என்றால் ஸ்தாயி ஏறியதோடு போகும். இரண்டு ஸ்வரம் சேர்ந்து வந்தால்? இரண்டின் இரட்டிப்பும் வரும், இரண்டின் கூட்டலும் வரும், கழித்தலும் வரும். நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால் அங்கே என்ன கேட்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வெப்பன்:
அதற்குத்தான் நேர்மின்னோட்டம் ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் பாட்டை ஏற்றுவார்கள். அப்போது மூல அதிர்வெண் வந்துவிடும், இரட்டிப்பும் கூடவே வரும். பாட்டின் வீச்சு அடிமின்னோட்டத்தில் 40 சதவீதம் என்றால் சூட்டில் இரட்டிப்பு மூலத்தில் 10 சதவீதம். ஹை-ஃபை ஆட்கள் ஒரு சதவீதத்துக்கே முகம் சுளிப்பார்கள். வீச்சைக் குறைத்தால் சுத்தமாகும், ஆனால் வீணாகும் சூடு எகிறும்.

நேர்த்தியான வழி, சிக்னலை முன்கூட்டியே வர்க்கமூலம் எடுத்துக் கொடுப்பது. படலம் வர்க்கப்படுத்தும்போது இரண்டும் கழிந்து பாட்டு சரியாக வரும். அல்லது மிக வேகமான துடிப்புகளாக்கி, துடிப்புகளின் அடர்த்தியில் பாட்டை வைப்பது. துடிப்பின் உயரம் மாறாததால் சூடு நேர்விகிதமாகவே போகும். இந்தக் காலத்தில் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலரே இதைச் செய்துவிடும்.

எல்லாருக்கும் தொல்லையாக இருக்கும் இந்த அதிர்வெண் கலவையை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் ஹீத், ஹார்செல் இருவரும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் கிராஃபீனுக்குள்ளேயே பல அதிர்வெண்களைக் கலந்து, கூட்டலும் கழித்தலும் ஒலியாக வரவைத்தார்கள். ஒலியும் கலவைக் கருவியும் ஒரே சில்லில். ஸ்பீக்கர் என்று அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு அது ரொம்பப் பிடித்த ஆய்வு.

தவளைக்கல்:
ஆக முடிவு: ஸ்பீக்கர் ஆகாது. பூட்டிடலாமா இழையை?

வெப்பன்:
பூட்டாதீர்கள். திறந்த வெளிக் கணக்கைத்தான் இதுவரை பார்த்தோம். மூடிய இடத்தில் விதியே வேறு.

சின்ன மூடிய அறைக்குள் காற்றைச் சூடாக்கினால் விரிய இடமில்லை, அழுத்தம் நேரடியாக ஏறும். அங்கே அழுத்தம் அதுவரை சேர்ந்த சூட்டைப் பொறுத்தது. ஒரு சுழற்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு சூடு சேரும். ஆகவே அதிர்வெண் குறையக் குறைய ஒலி கூடும். திறந்த வெளிக்கு நேர் எதிர்!

காதுக்குள் இறுக்கமாக மாட்டுகிற இயர்ஃபோனை எடுத்துக்கொள்ளுங்கள். அடைபட்ட காற்று 2 கன சென்டிமீட்டர் என்று வைப்போம். காது கேட்கும் கருவிகளைச் சோதிக்கும் செயற்கைக் குழியின் கொள்ளளவும் அதுதான். 10 மில்லிவாட் ஏற்ற இறக்கம் போதும். 1,000 ஹெர்ட்ஸில் 81 டெசிபெல். 100 ஹெர்ட்ஸில் 101.

ஒலிப்பெட்டி:
இருங்க இருங்க. 10 மில்லிவாட்டில் 100 ஹெர்ட்ஸில் 101-ஆ? கசிவு இருந்தால்?

வெப்பன்:
கசிவு இருந்தால் பேஸ்தான் முதலில் ஓடும், எந்த இயர்ஃபோனிலும் அப்படித்தான். குழியின் சுவரும் கொஞ்சம் சூட்டைத் தின்னும். ஆகவே 101-ஐ மேல் வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உயர் அதிர்வெண்ணில் சரிவதை ஈக்குவலைசரில் தூக்க வேண்டும். அப்படியும் திறந்த வெளியில் வந்த 15 டெசிபெலோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆர்னால்டு, கிராண்டல் காலத்திலேயே இதுதான் நடந்தது. 1917-இல் அவர்கள் வேலை செய்த அதே நிறுவனத்தில் வென்டே கண்டென்சர் மைக்ரோஃபோனைச் செய்தபோது, அதை அளவிடத் தெர்மோஃபோனைத்தான் சின்ன மூடிய குழியில் வைத்தார்கள். குழியின் கொள்ளளவும் கொடுத்த வாட்டும் தெரிந்தால் அழுத்தத்தைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். சத்தமாகப் பாடவேண்டிய தேவை அங்கே இல்லை, நம்பகமாகப் பாடினால் போதும்.

கரித்துகள்:
நான் சொன்ன 2013 சில்லையும் இயர்ஃபோனாகத்தான் கட்டினார்கள். சுமார் ஒரு வருடம் பழுதில்லாமல் ஓடியதாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து படலம் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லும் கட்டுரைகள் குறைவு, அதனால் அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மின்மினி:
அப்படியானால் நானோகுழாய்க்குச் சொந்தமான இடம் காதுதானா? தண்ணீருக்குள்கூடச் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன்.

கரித்துகள்:
2010-இல் டெக்சஸ் பல்கலைக்கழகம், டல்லஸ். அலியேவ், பாஃமன் குழு. தண்ணீர் சூட்டுக்கு லேசில் விரியாது, வெப்ப ஏற்புத்திறனும் அதிகம், ஆகவே ஒன்றும் கேட்காது என்றுதான் நினைப்போம். ஆனால் நானோகுழாய்ப் படலத்துக்குத் தண்ணீர் பிடிக்காது. முக்கினாலும் ஈரமாகாமல் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய காற்றுப் படலத்தை வைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் விரிந்து தண்ணீரைத் தள்ளுகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சங்கதி அதுதான்.

தவளைக்கல்:
மின்சாரமே இல்லாமல் வெளிச்சத்திலேயே சூடாக்கினால்?

வெப்பன்:
அதற்குக் கார்பன் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1880-இல் கிரஹாம் பெல் ஒளியில் குரல் அனுப்பும் ஃபோட்டோஃபோன் செய்தார். அதைத் தொடர்ந்து, துளையிட்ட தட்டைச் சுழற்றி வெட்டி வெட்டி விழும் வெயிலைப் பல பொருட்களின் மேல் பாய்ச்சிப் பார்த்தார். உரக்கப் பாடியவற்றில் முதலிடம் விளக்குப் புகைக்கரிக்கு. கறுப்பு, துளைகள் நிறைந்தது, உள்ளே காற்று. அன்றைக்கு நானோ என்ற சொல் இல்லை, அவ்வளவுதான்.

இன்று அதன் பேரன் பேத்திகள் மருத்துவ ஆய்வில் இருக்கிறார்கள். 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நானோகுழாயைச் சிலிக்கோன் ரப்பரோடு சேர்த்து லென்ஸ் வடிவத்தில் பூசி, லேசர் துடிப்பை அதன் மேல் விட்டார்கள். கார்பன் ஒளியை விழுங்கி ரப்பருக்குக் கொடுக்க, ரப்பர் விரிந்து மீயொலியைக் குவிக்கிறது. குவியத்தில் 50 மெகாபாஸ்கலுக்கு மேல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்நூறு மடங்கு. இங்கே விரிவது காற்றல்ல, திடப்பொருள் என்பதைக் கவனியுங்கள். காற்றின் எல்லையைத் தாண்ட காற்றை விட்டே வெளியேறினார்கள்.

ஒலிப்பெட்டி:
சார், என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று கேட்கிறேன். எஞ்சின் புகைக்குழாயில் இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலி அலையைப் போட்டு இரைச்சலை அடக்குவது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் முக்கியமான உறுமல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். கூம்பு ஸ்பீக்கரை நேராகக் குழாயில் வைத்தால் சுட்டுப்போகும், பக்கக்குழாய் போட்டுத் தள்ளி வைக்க வேண்டும், இடம் கிடையாது. மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பார்னார்டு என்பவர் நானோகுழாயைக் குழாய்க்குள்ளேயே உருளையாக வைத்து இதைச் செய்யப் பார்த்தார் என்று படித்தேன். நீங்களோ 100 ஹெர்ட்ஸில் 15 டெசிபெல் என்கிறீர்கள். எது சரி?

வெப்பன்:
இரண்டும் சரி. குழாய் திறந்த வெளியும் அல்ல, மூடிய குழியும் அல்ல. குழாய்க்குள் ஒலி பக்கவாட்டில் பரவிக் கரையாமல் நேராகப் போகும். அங்கே அழுத்தம் விரிவு வேகத்துக்கு நேர்விகிதம். அதிர்வெண்ணே கணக்கில் வராது. 100 ஹெர்ட்ஸும் 1,000 ஹெர்ட்ஸும் ஒன்றுதான்.

5 சென்டிமீட்டர் விட்டக் குழாய், நடுவில் படலம், 100 வாட் வீச்சு, ஒலி இரு பக்கமும் பிரிந்து போகிறது என்று வைத்துப் போட்டால் 120 டெசிபெல் வருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. வாயு சூடாக இருந்தால் விரிவு குறையுமோ என்று தோன்றும். குறையாது. அழுத்தம் மாறாதவரை, கொடுத்த வாட்டுக்கு விரியும் கன அளவு ஏறத்தாழ அதேதான், வாயு 20 டிகிரியில் இருந்தாலும் 300 டிகிரியில் இருந்தாலும். சூடான வாயு லேசாகிவிடுவதால் மட்டும் ஒலி அழுத்தம் கொஞ்சம் இறங்கும்.

ஒலிப்பெட்டி:
120 என்றால் பேசலாம். ஆனால் 100 வாட்டை வண்டி எந்நேரமும் கொடுக்க வேண்டும். புகையில் கரி படியும். மிச்ச ஆக்சிஜனும் இருக்கும், டீசலில் நிறையவே இருக்கும். கரித்துகள் சொன்ன 400 டிகிரிக்கு மேல் படலம் என்ன கதியாகும்? உறைக்குள் வைத்தால் உறையின் சுவர் ஒலியைத் தின்னும். வண்டியை விட, ஓரிடத்தில் நின்று ஒரே வேகத்தில் ஓடும் ஜெனரேட்டருக்கு இது முதலில் வரும் என்று என் ஊகம். அங்கே கரண்டுக்குப் பஞ்சம் இல்லை.

கரித்துகள்:
குழாய்க் கணக்கைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. 5 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், குறுக்கே படலம், இரு முனையிலும் பஞ்சு, மைக்கைச் சுவரோடு சுவராகப் பதிக்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பன்:
4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருங்கள். அதற்கு மேல் அந்த விட்டத்தில் ஒலி குறுக்காகவும் ஓடத் தொடங்கும், கணக்கு பொருந்தாது. கீழ்ப்பக்கம் பஞ்சை நம்பாதீர்கள். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீட்டர், ஒரு சாண் பஞ்சுக்கு அது அசையாது, திரும்பி வந்து அளவைக் கெடுக்கும். குழாயை நீளமாக எடுத்து, பஞ்சை முனையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி அடையுங்கள். நடுப்பகுதியில் வரைகோடு தட்டையாக வர வேண்டும். அதிர்வெண்ணோடு ஏறினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ஒலிப்பெட்டி:
100 வாட்டை எடுத்த எடுப்பில் கொடுத்துவிடாதீர்கள், படலமும் போகும், மைக்கும் போகும். 2 வாட்டில் தொடங்குங்கள். சார் கணக்குப்படி 86 வர வேண்டும். 80 வந்தாலே நான் ஒத்துக்கொள்வேன். அடிமின்னோட்டம் போட்டீர்களா, வர்க்கமூலமா என்பதையும் எழுதுங்கள். 2,000-இல் வரும் இரட்டிப்பை 1,000 என்று யாராவது படித்துவிடப் போகிறார்கள்.

கரித்துகள்:
வர்க்கமூலம்தான் அண்ணே. இரட்டிப்பின் அளவையும் சேர்த்தே போடுகிறேன். இன்று வெள்ளிப் பசை காய வேண்டும், நாளைக்கு 2 வாட்.